கடைசிக் கம்பத்துக்கு அப்பால்

2018 நவம்பர் 16 அன்று பொழுது விடியும் முன்பே கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்நாட்டுக்குள் புகுந்துவிட்டது. விடிந்து பார்த்தால் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கணக்கெடுத்தபோது எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. மின்வாரிய ஊழியர்கள் மற்ற மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். வண்டி போகாத வயல்களில் சேற்றில் இறங்கி, கம்பத்தைத் தோளில் சுமந்துபோய் நட்டார்கள். அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் நகரங்களுக்குச் சில நாட்களில் திரும்பிய கரண்ட், உள்கிராமங்களுக்கும் கடலோர மீனவக் கிராமங்களுக்கும் வந்து சேர வாரக்கணக்கில் ஆனது.

சீரமைப்பின் வரிசையே அப்படித்தான் அமையும். முதலில் துணை மின்நிலையம் உயிர் பெற வேண்டும். பிறகு உயரழுத்த லைன், அதிலிருந்து மருத்துவமனைக்கும் நகரத்துக்கும் போகும் கிளைகள், பிறகு ஊர் டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில் தெருக் கம்பங்கள். லைனின் வாலில் இருக்கிற ஊர் சாதாரண நாளிலும் குறைந்த வோல்ட்டேஜில் மங்கலாக எரியும். புயல் நாளில் எல்லோருக்கும் கடைசியாக எரியும். கடலோரம் என்றால் வால் என்றுதான் பொருள். அதற்கு அந்தப் பக்கம் கம்பம் நட நிலமே இல்லை.

கரண்ட் போன நேரத்துக்கும் லைன்மேன் வந்து சேரும் நேரத்துக்கும் இடைப்பட்ட நாட்களை ஓர் ஊர் எப்படிக் கடப்பது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். தூரத் தீவுகளும் கரையோர ஊர்களும் உலகத்தின் பல மூலைகளில் இதற்கு விடை தேடியிருக்கின்றன. சில விடைகள் நன்றாக வேலை செய்தன, சில பாதியில் நின்றுபோயின. இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

தாளும் பேனாவும்

சோலார் விற்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோவாட் வேண்டும்?" ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி வேறு: கரண்ட் போய் இரண்டாம் நாள், எது நின்றுபோனால் ஓர் உயிருக்கு ஆபத்து?

இதை ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து பேசிப் பட்டியலிட வேண்டும். கூட்டத்துக்கு வழக்கமாக வருகிற ஆண்கள் மட்டும் பேசினால் பட்டியல் அரைகுறையாகவே இருக்கும். தண்ணீர் எப்போது தீரும், எந்தக் குழாயில் கடைசிவரை வரும் என்பது பெண்களுக்குத்தான் தெரியும். எந்த வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு ஆஸ்துமா, யார் ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி இருக்கிறார் என்பதைக் கிராம சுகாதார செவிலியர் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். கடலில் இருக்கிற படகோடு பேசும் வயர்லெஸ் எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை விசைப்படகுக்காரர்கள் சொல்ல வேண்டும். இப்படி எல்லாரும் பேசி முடித்த பிறகு பட்டியலைப் பார்த்தால் அது எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருக்கும். டி.வி., மிக்ஸி, ஏ.சி. எதுவும் அதில் இடம்பெறாது.

இருநூறு குடும்பங்கள் உள்ள ஒரு கடலோர ஊரை எடுத்துக்கொள்வோம். புயல் நாளில் எல்லாரும் தங்கும் கூடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்புகள் இருபது, பத்து மணி நேரம் எரிந்தால் 1.8 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று முப்பது வாட் அளவில்தான் எடுக்கும். பத்து ஃபேன்கள் பத்து மணி நேரம் ஓடினால் 3 யூனிட். பழைய வகை ஃபேனாக இருந்தால் இதே காற்றுக்கு 7 யூனிட்டுக்கு மேல் போகும். வீட்டுக்கு ஒரு போன் என்று இருநூறு போன்களுக்குச் சார்ஜ் போட, இழப்பையும் சேர்த்து 4 யூனிட். இன்சுலின் வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜுக்கு ஒரு யூனிட். நெபுலைசர், வயர்லெஸ், அறிவிப்பு செய்யும் மைக் எல்லாம் சேர்ந்து இன்னொரு யூனிட். இவற்றோடு குடிநீர் மோட்டார்: மூன்று குதிரைத்திறன் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 6 யூனிட்.

மொத்தம் 17 யூனிட்டுக்குள். இருநூறு குடும்பங்களின் ஒரு நாள் பாதுகாப்புக்குத் தேவைப்படுவது, வசதியான ஒரு நகர வீடு ஏ.சி. போட்டுக்கொண்டு ஒரு கோடை நாளில் செலவழிக்கிற அளவுதான். கைக்கு எட்டாத இலக்கு என்று நினைத்து ஊர் பின்வாங்கத் தேவையில்லை. ஊர் முழுவதையும் எரியவைக்கத் திட்டம் போட்டுப் பணத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருப்பதைவிட, இந்த 17 யூனிட்டை அடுத்த மழைக்காலத்துக்குள் உறுதி செய்வது எவ்வளவோ மேல்.

ஓர் எச்சரிக்கை. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 3 கிலோவாட் மோட்டாருக்கு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் போதும் என்று வாங்கினால் ஸ்விட்சைப் போட்டதுமே அது மயங்கி விழும். மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ, வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவோ சேர்த்து வாங்க வேண்டும். அலாஸ்காவின் கோடியாக் தீவுக்கும் இதே சங்கடம் பெரிய அளவில் வந்தது. காற்றாலையும் நீர்மின்சாரமுமாகக் கிட்டத்தட்ட முழுத் தேவையையும் நிறைவு செய்துகொண்ட அந்தத் தீவின் துறைமுகத்துக்கு மின்சாரத்தில் இயங்கும் ராட்சதக் கிரேன் ஒன்று வந்தது. கொள்கலனைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தீவின் மின்சாரம் தடுமாறும் நிலை. வேகமாகச் சுழலும் கனத்த சக்கரங்கள் இரண்டை 2015-ல் அமைத்து, அந்த நொடி நேர இழுப்பை அவற்றின் சுழற்சியிலிருந்து கொடுத்தார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர்களுக்குக் கம்ப்ரசர் கிளம்பும்போது விளக்கு மங்குவது தெரியும். அவர்களுக்கு இது புது விஷயமாக இருக்காது.

கூண்டு ஏற்றியதும் தொட்டியை நிரப்பு

மின்சாரத்தைச் சேமிக்க பேட்டரிதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவைத்த தண்ணீரும் சேமித்த மின்சாரம்தான். அது பழுதாகாது, சார்ஜ் இறங்காது, குழாயைத் திறந்தால் வந்துவிடும். வானிலை மையம் புயல் பற்றி இப்போது சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய அன்றே தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட வேண்டும். பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் தொட்டிகளையும் நிரப்ப வேண்டும். மேலே போட்ட கணக்கில் முதல் நாளின் 6 யூனிட் இதனால் மிச்சம். சேமிப்பு வழிகளில் இதைவிட மலிவானது இல்லை.

ஐஸும் அப்படித்தான். கரண்ட் இருக்கும்போதே உறைய வைத்த ஐஸ், நல்ல தெர்மாக்கோல் பெட்டியில் இருந்தால் இன்சுலினையும் பிடித்துவந்த மீனையும் ஓரிரு நாள் காக்கும். இன்சுலின் ஐஸை நேரடியாகத் தொடக்கூடாது. உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டிகள் இந்தத் தத்துவத்தில்தான் செய்யப்பட்டவை: சுவருக்குள் ஐஸ் அடுக்கு இருப்பதால் கரண்ட் போனாலும் பல மணி நேரம் குளிர் நிற்கும். பேட்டரியே இல்லாமல் வெயிலிலிருந்து நேரடியாக இயங்கி ஐஸ் கட்டிவைக்கும் சோலார் தடுப்பூசிப் பெட்டிகளும் வந்துவிட்டன. பேட்டரி கெட்டு முடங்கிய பழைய சோலார் பெட்டிகளின் அனுபவமே இவற்றுக்கு வழிவகுத்தது.

குளிர்நாடுகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. அலாஸ்காவின் மேற்குக் கரையில் கொங்கிகனாக் போன்ற யூப்பிக் மக்களின் சிற்றூர்கள், காற்று அதிகமாக அடிக்கும் இரவுகளில் மிஞ்சும் மின்சாரத்தை வீட்டுக்குள் இருக்கும் செங்கல் அடுப்புகளைச் சூடாக்கப் பயன்படுத்துகின்றன. அந்தச் சூடு பிறகு மெல்ல மெல்ல அறைக்குள் பரவும். அவர்களுக்கு வெப்பம், நமக்குத் தண்ணீரும் குளிரும். எது தேவையோ அதையே நேரடியாகச் சேமித்துவிட்டால் பேட்டரியின் அளவு கணிசமாகக் குறையும்.

கூரையில் தகடு, வீட்டுக்குள் இருட்டு

கூரையில் சோலார் போட்ட வீட்டுக்காரர்கள் பலருக்கு முதல் மின்வெட்டில்தான் இந்த அதிர்ச்சி கிடைக்கிறது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, தகடு பளபளக்கிறது, ஆனால் ஃபேன் ஓடவில்லை. மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போன நொடியே தன்னையும் அணைத்துக்கொள்ளும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. அந்தப் பாதுகாப்பை யாரும் கழற்ற நினைக்கக் கூடாது.

புயலைத் தாங்க வேண்டிய இடத்தில் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. கரண்ட் போனதும் இது வெளி லைனைத் துண்டித்துவிட்டு, உள்ளே குறிப்பிட்ட சில இணைப்புகளை மட்டும் தனித்து ஓட்டும். அந்தச் சில இணைப்புகளுக்குத் தனி போர்டு, தனி வயரிங் ஆரம்பத்திலேயே பிரித்துவிட வேண்டும். கூடத்தின் விளக்கும் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஒரு போர்டில். மற்றவை வேறு போர்டில். ஊர்ப் பொதுக் கட்டடங்களுக்குச் சோலார் கேட்டு மனு கொடுக்கும்போது 'ஹைப்ரிட்' என்ற சொல் மனுவில் இருக்கிறதா என்று பார்ப்பது, கிலோவாட் எண்ணைப் பார்ப்பதைவிட முக்கியம்.

இந்த வித்தியாசத்தை உலகத்துக்குக் காட்டிய ஊர் புவேர்ட்டோ ரிக்கோ தீவின் மலைப்பகுதியில் இருக்கும் அட்ஹுண்டாஸ். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி தாக்கியதும் தீவு முழுவதும் இருண்டது. கடைசி வீடுவரை கரண்ட் திரும்பக் கிட்டத்தட்ட பதினோரு மாதம் ஆனது. புயலால் நேரடியாகவும் அதன் பின்விளைவுகளாலும் இறந்தவர்கள் 2,975 பேர் என்று பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் காற்றில் அடிபட்டுச் சாகவில்லை. அடுத்து வந்த மாதங்களில், நின்றுபோன இயந்திரங்களுக்கும் கிடைக்காத மருத்துவத்துக்கும் இடையே போனார்கள்.

அந்த இருட்டில் அட்ஹுண்டாஸில் ஓர் இளஞ்சிவப்பு வீடு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. காசா புவெப்லோ என்ற மக்கள் அமைப்பின் வீடு அது. திறந்தவெளிச் சுரங்கத்தை எதிர்க்க 1980-ல் தொடங்கப்பட்ட அமைப்பு, 1999 முதலே சோலாரில் இயங்கிவந்தது. புயலுக்கு மறுநாளிலிருந்து ஊர் மக்கள் அங்கே வந்து போன் சார்ஜ் போட்டார்கள், சுவாச இயந்திரங்களை இயக்கினார்கள், செய்தி கேட்டார்கள். அமைப்பு ஆயிரக்கணக்கான சோலார் விளக்குகளை வீடு வீடாகக் கொடுத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மருந்து வைக்கும் சிறு ஃபிரிட்ஜுகள், டயாலிசிஸ் செய்துகொள்வோரின் வீடுகள், மளிகைக் கடை, முடிதிருத்தகம் என்று விரிந்தது. 2023-ல் ஊர் நடுவில் இருக்கும் பத்துக்கும் மேற்பட்ட கடைகளை இணைத்து, சொந்தமாக இயங்கும் சிறு மின்வலை ஒன்று திறக்கப்பட்டது. அதன் உரிமை வணிகர்கள் சேர்ந்து அமைத்த லாப நோக்கமற்ற சங்கத்திடம் இருக்கிறது.

ஒரே ஒரு வீட்டில் தொடங்கியது. ஊருக்கு ஏற்கெனவே நம்பிக்கையும் பழக்கமும் இருந்த வீடு அது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்க் கரையில் அப்படிப்பட்ட இடம் ஊருக்கு ஊர் மாறும்: ஓரிடத்தில் பல்நோக்குப் பேரிடர் மையம், இன்னோரிடத்தில் மாதா கோயில் மண்டபம், வேறோரிடத்தில் மீனவர் கூட்டுறவு சங்கக் கட்டடம். சாதியோ மதமோ காரணமாக ஊரில் ஒரு பகுதியினர் நுழையத் தயங்கும் கட்டடத்தில் விளக்கு வைத்தால் அது பாதி ஊருக்கு மட்டுமே எரியும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலேயே இதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

உப்பும் காற்றும்

கடற்கரையில் இரும்பு நிலைப்பதில்லை. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் பெயின்ட் அடித்துக் கொடுத்த ஸ்டாண்டு மூன்று நான்கு வருடத்தில் செதில் செதிலாக உதிரும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ்டு சட்டமும், எஸ்.எஸ். 316 வகை போல்ட்டும் கேட்டு வாங்க வேண்டும். அலுமினியச் சட்டம் இரும்பை நேரடியாகத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு இரட்டிப்பாகும். இடையே ரப்பரோ நைலான் வாஷரோ வைக்க வேண்டும். தகடு வாங்கும்போது உப்புக்காற்றுச் சோதனையான ஐ.இ.சி. 61701-ல் தேறியதா என்று சான்றிதழைக் கேட்க வேண்டும். தகட்டின் மேல் படியும் உப்பைக் கடல் தண்ணீரால் கழுவுகிற கொடுமையும் சில இடங்களில் நடக்கிறது. நல்ல தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

காற்றைப் பொறுத்தவரை, கரீபியத் தீவுகளை 2017-ல் இர்மா, மரியா சூறாவளிகள் தாக்கிய பிறகு ராக்கி மவுண்டன் ஆய்வு நிறுவனத்தின் பொறியாளர்கள் அங்கே தப்பிய, தப்பாத சோலார் நிலையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். ஒரே தீவில் ஒரு நிலையம் குப்பையாகக் கிடக்க, இன்னொன்று மறுநாளே மின்சாரம் கொடுத்தது. வித்தியாசம் பெரும்பாலும் போல்ட்டில் இருந்தது. இரண்டு தகடுகளுக்கு இடையே ஒரே கிளாம்ப் வைத்து இரண்டையும் பிடித்திருந்த இடங்களில், ஒரு தகடு பறந்ததும் பக்கத்துத் தகட்டின் பிடியும் தளர்ந்து வரிசை முழுவதும் சீட்டுக்கட்டுபோலப் போயிற்று. ஒவ்வொரு தகட்டையும் சட்டத்தோடு துளையிட்டு போல்ட் போட்டு, அதிர்வில் கழலாத நட்டால் முறுக்கிய இடங்கள் நின்றன. கான்ட்ராக்டர் வேலை முடித்துப் பணம் கேட்கும்போது ஊர்க்காரர் ஒருவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலை. இருபது வருடத் தகட்டைக் காப்பாற்றும்.

பேட்டரியும் இன்வெர்ட்டரும் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? ஊரில் முதியவர்களைக் கேட்டு, 2004 ஆழிப்பேரலையில் தண்ணீர் சுவரில் எந்தக் கோடுவரை வந்தது, பெருமழைகளில் எதுவரை வந்தது என்று குறித்து, அதற்கும் மேலே வைக்க வேண்டும். பெரும்பாலும் மாடிதான் இடம். ஈய-அமில டியூபுலர் பேட்டரி மலிவு, எந்த ஊர் மெக்கானிக்கும் தொடுவார். ஆனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் செத்துவிடும், பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், வெக்கையான அறையில் இன்னும் சீக்கிரம் கெடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் விலை கூடுதல். பராமரிப்பு குறைவு, ஆயுள் பல மடங்கு. மாதா மாதம் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் உறுதியாக இல்லாத ஊர் லித்தியத்துக்குப் பணம் சேர்ப்பதே நல்லது.

எக் தீவு போட்ட வரம்பு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் எக் என்று ஒரு சின்னத் தீவு. மக்கள் நூறு பேர் அளவில்தான். தீவு தனியார் முதலாளிகள் கையில் மாறிமாறிக் கிடந்தது. 1997-ல் குடிமக்கள் நன்கொடை திரட்டித் தீவையே விலைக்கு வாங்கித் தங்கள் அறக்கட்டளையின் பெயரில் எழுதிக்கொண்டார்கள். அப்போதும் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பெருநிலத்திலிருந்து கடலடிக் கேபிள் இழுக்கக் கேட்டால் கோடிக்கணக்கில் செலவு.

2008 பிப்ரவரி 1-ல் அவர்கள் சொந்த மின்சாரம் எரிந்தது. ஓடைகளில் மூன்று நீர்மின் இயந்திரங்கள், அவற்றில் பெரியது 100 கிலோவாட். 6 கிலோவாட் காற்றாலைகள் நான்கு. தொடக்கத்தில் 10 கிலோவாட் சோலார், பின்னர் 50 ஆக வளர்ந்தது. ஒரு பேட்டரி அறை. காற்றில் அறுந்துவிடாதபடி பூமிக்கடியில் புதைத்த 11 கிலோமீட்டர் கேபிள். எல்லாம் கைவிட்டால் ஓட இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள். குளிர்காலத்தில் மழையும் காற்றும் நிறைய, வெயில் கிடையாது. கோடையில் ஓடை வற்றும், அப்போது சோலார் கைகொடுக்கும். ஒன்று இளைக்கும் பருவத்தில் மற்றொன்று கொழுக்கும்படி பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இயந்திரங்களைவிட எக் தீவில் கற்க வேண்டியது அவர்களின் விதி. எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. கடைகளுக்கும் தொழில்களுக்கும் 10. தாண்டினால் இணைப்பு தானாக விழுந்துவிடும், கட்டணம் செலுத்தித்தான் மீண்டும் போட முடியும். பணக்கார வீட்டுக்கும் இதே வரம்பு, தனியாக வாழும் பாட்டிக்கும் இதே வரம்பு. வீட்டில் உள்ள சிறு கருவி எத்தனை வாட் போகிறது என்று காட்டும். கெட்டிலைப் போடுவதற்கு முன் வாஷிங் மெஷினை நிறுத்தும் பழக்கம் குழந்தைகளுக்கும் வந்துவிட்டது. தண்ணீரும் காற்றும் குறைவாக இருக்கும் நாட்களில் செலவைக் குறைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். மிஞ்சுகிற நாட்களில் அந்த மின்சாரம் ஊர்க் கூடத்தையும் தேவாலயத்தையும் இலவசமாகச் சூடாக்கும். பராமரிப்பைத் தீவுக்காரர்களே பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள். வெளியூர் எஞ்சினியருக்காகப் படகை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை.

கடலோரத் தமிழ் ஊர்களுக்கு இப்படி ஒரு விதி புதிதாகத் தோன்றத் தேவையில்லை. எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது, எந்த வலை கூடாது, மீன்பாட்டை எப்படிப் பகிர்வது என்று ஊரே முடிவெடுத்து, மீறினால் அபராதம் வசூலிக்கும் மரபு அங்கே பலமாக இருக்கிறது. பொதுக் கூடத்துப் பேட்டரியில் ஒரு குடும்பம் எத்தனை போன் சார்ஜ் போடலாம், இரவு எத்தனை மணிக்கு ஃபேனை அணைக்க வேண்டும், சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதே சபை முடிவு செய்யட்டும். முடிவு புயலுக்கு முன்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும். இருட்டில், பசியில், கூட்டத்தில் எடுக்கும் முடிவு சண்டையில்தான் முடியும்.

பணமும் அப்படித்தான். அரசோ தொண்டு நிறுவனமோ இலவசமாகத் தந்த சோலார் தெருவிளக்குகள் பேட்டரி மாற்ற ஆளில்லாமல் கம்பத்தில் வெறுமனே நிற்பதைப் பல கிராமங்களில் பார்க்கலாம். திறப்பு விழா அன்றே மாதச் சந்தா தொடங்கிவிட வேண்டும். குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய் என்றால் இருநூறு குடும்பத்துக்கு வருடம் 48,000 ரூபாய். நட்டு, வயர், கழுவும் கூலி போக மீதியைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால், பேட்டரி ஓயும் காலத்தில் யாரிடமும் மனு கொடுக்க வேண்டியிருக்காது.

டீசலுக்கும் ஓர் இடம்

தமிழ்க் கரையில் புயல் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. அதே மாதங்களில்தான் வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கிறது. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்கு நான்கு யூனிட் கொடுக்கும். அடைமழையில் ஒன்றோ ஒன்றரையோ வந்தால் அதிகம். ஆகவே 17 யூனிட்டுக்கு 5 கிலோவாட் போதும் என்று கோடைக் கணக்குப் போட்டால், தேவைப்படும் நாளில் தேவையில் பாதிகூட வராது. 10 கிலோவாட் போட்டு, ஓர் இரவு விளக்குக்கும் ஃபேனுக்கும் போதுமான பேட்டரி வைத்து, தண்ணீர் மோட்டாரை மட்டும் ஒரு சின்ன ஜெனரேட்டரில் ஓட்டுவதே யதார்த்தமான ஏற்பாடு.

சோலார் ஆர்வலர்கள் சிலர் டீசலைச் சேர்த்தாலே முகம் சுளிக்கிறார்கள். உலகில் இந்தத் துறையில் பேர் வாங்கிய தீவுகள் பலவும் அதைத் தூக்கி எறியவில்லை. நியூசிலாந்தின் ஆளுகையில் உள்ள டோக்கெலாவின் மூன்று பவளத் தீவுகள் 2012-ல் தங்கள் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சோலாருக்கு மாற்றின. டீசல் இயந்திரத்தைக் கைவசமே வைத்துக்கொண்டன. அமெரிக்க சமோவாவின் தாவூ தீவில் 2016-ல் 5,328 தகடுகளும் மூன்று நாள் வெயிலின்றித் தாங்கும் பேட்டரியும் வந்தன. கப்பல் தாமதமானால் விளக்கை ஒதுக்கி எரித்த நாட்கள் அங்கே முடிந்தன. முன்பு நாளெல்லாம் ஓடிய இயந்திரம் இன்று அவசரத்துக்கு மட்டும் ஓடினால் அதுவே பெரிய வெற்றி.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, கூடத்தின் வராந்தாவிலோ, ஜன்னலுக்குப் பக்கத்திலோ ஒருபோதும் ஓட்டக் கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். 2020-ல் லாரா சூறாவளிக்குப் பிறகு அமெரிக்காவின் லூசியானாவில் நடந்த சாவுகளில் பெரும் பங்கு இப்படி நடந்தது. புயலில் தப்பியவர்கள் அவர்கள். மழை படாத தனித் தகரக் கொட்டகையைக் கட்டடத்திலிருந்து விலக்கி முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

லைன் வந்த பிறகு

மேற்கு வங்கத்தின் சாகர் தீவில், கங்கை கடலில் சேரும் இடத்தில், கமல்பூர் என்ற ஊரில் 1996-ல் 26 கிலோவாட் சோலார் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. மாநிலத்தின் மரபுசாரா எரிசக்தி முகமையும் அதன் பொறியாளர் எஸ்.பி. கோன் சௌத்ரியும் முன்னின்றார்கள். ஊர்க் கூட்டுறவு கட்டணம் வசூலித்தது, மாலையில் சில மணி நேரம் மின்சாரம் தந்தது. அடுத்தடுத்து பல ஊர்களில் நிலையங்கள் எழுந்தன. நாடெங்கிலுமிருந்து வந்து பார்த்தார்கள். பிறகு பெரிய லைன் தீவுக்கு வந்தது. இருபத்துநான்கு மணி நேரக் கரண்ட் கிடைத்தபோது மாலை நேரச் சோலாருக்கு யார் பணம் கட்டுவார்கள்? சிறு நிலையங்கள் தேய்ந்து நின்றன. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அந்தக் கரையில்தான் ஏறியது; லைன் அறுந்தது.

லைனை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தீவு மக்களுக்கும் காரணமில்லை. சிறு நிலையத்தை வடிவமைக்கும்போதே, நாளை லைன் வந்தால் அதோடு இணைந்து ஓடவும், லைன் அறுந்தால் பிரிந்து தனித்து ஓடவும் ஏற்றபடி அமைத்திருந்தால் அன்றைக்கு அது பயன்பட்டிருக்கும். 1996-ல் அந்தத் தொழில்நுட்பம் கைக்கு எட்டியதல்ல. இன்று சாதாரண ஹைப்ரிட் இன்வெர்ட்டரே அதைச் செய்கிறது.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் இத்தகைய சிறு நிலையங்களின் அடுத்த கட்டத்தைப் பார்க்கலாம். எழுவைதீவில் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு சோலார், காற்று, பேட்டரி, டீசல் நான்கும் கலந்த நிலையம் அமைந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் இலங்கையின் தேசிய மின்கட்டமைப்போடு சேராமல் டீசலை நம்பி இருந்தவை. அவற்றுக்கும் இதேபோன்ற கலப்பு நிலையங்கள் அமைக்கும் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது, இந்தியா ஆட்சேபித்தது, ஆண்டு முடிவில் வேலை நின்றது. பிறகு இந்தியா 1.1 கோடி டாலர் நன்கொடை தர முன்வந்தது. 2024 மார்ச் 1-ல் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்றாலை, 2,400 யூனிட் பேட்டரி, துணைக்கு 2,500 கிலோவாட் டீசல். பெரிய நாடுகள் தங்களுக்குள் பேசித் தீர்க்க எடுத்துக்கொண்ட அந்த மூன்று ஆண்டுகளும் தீவுகளுக்கு டீசல் படகில்தான் போயிற்று.

நயினாதீவில் ஆனி மாதம் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் படகு படகாக மக்கள் இறங்குவார்கள். மற்ற நாட்களின் தேவையை வைத்து அளவெடுத்த நிலையம் அந்த நாட்களில் திணறும். நம் கரையிலும் வேளாங்கண்ணி, நாகூர், திருச்செந்தூர் பக்கத்து ஊர்களுக்கு இது பொருந்தும். ஊரின் பட்டியலில் திருவிழா நாளுக்கென்று தனி வரி இருக்கட்டும்.

எல்லாம் அமைத்து முடித்த ஊர் ஒவ்வொரு வருடமும் புரட்டாசியில், மழை தொடங்கும் முன், ஒரு நாள் குறிக்க வேண்டும். காலை ஆறு மணிக்குக் கூடத்தின் மெயினை அணைத்துவிட்டு மறுநாள் காலை ஆறு மணிவரை சொந்த மின்சாரத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மோட்டார் கிளம்புகிறதா, ஃபிரிட்ஜ் விடியும்வரை தாங்குகிறதா, சாவி வைத்திருப்பவர் ஊரில் இருக்கிறாரா, ஜெனரேட்டருக்கு வாங்கிவைத்த டீசல் பழசாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தெரியும். நின்றுபோனவற்றை ஒரு நோட்டில் எழுதி, யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வார் என்று பக்கத்திலேயே குறித்து, அந்தப் பக்கத்தின் நகலைக் கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டு மெயினைப் போடலாம்.